விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்: அறுவையா, மருந்தா, டோனரா, தத்தா?

ஆண்களில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் வீதம் விந்தில் விந்தணுவே இருப்பதில்லை. குழந்தையில்லை என்று சிகிச்சைக்கு வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 10 முதல் 15 சதவீதம். ரிப்போர்ட்டில் 'நில்' என்று பார்த்துவிட்டு வரும் தம்பதிக்கு முன்னால் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. விந்தகத்தைத் திறந்து விந்தணுவைத் தேடி எடுத்து இக்சி செய்வது (ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்திக் கருவாக்குவது), ஹார்மோன் ஊசி போட்டுப் பார்ப்பது, டோனர் விந்தணு, தத்தெடுப்பு. உடனே எல்லோரும் கேட்பது, எந்த ஆஸ்பத்திரி நல்லது, எவ்வளவு செலவாகும், எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது: விந்தணு உருவாகும் வேலை எந்தக் கட்டத்தில் நின்றுபோனது? 'நில்' என்ற அதே ரிப்போர்ட்டோடு வரும் இருவரில் ஒருவருக்கு அறுவையில் விந்தணு கிடைப்பது கிட்டத்தட்ட உறுதியாக இருக்கலாம். மற்றவருக்கு எந்த மருத்துவர் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. பல சமயம் இந்த வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது, அதை முன்கூட்டியே பார்க்கவும் முடிகிறது. பார்க்க ஆகும் செலவு, அறுவையும் இக்சியும் சேர்ந்து ஆகும் செலவில் சின்னப் பகுதிதான். அப்படியிருந்தும் நிறைய தம்பதிகள் அறுவை தோற்ற பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு வருகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நிஜமாகவே நில்லா?

ஒரே ஒரு சாம்பிளை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இரண்டு தடவை, நடுவில் சில வாரங்கள் விட்டு, பரிசோதிக்க வேண்டும். சாம்பிளை வேகமாகச் சுழற்றி அடியில் தங்குவதையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாகப் பார்த்து 'நில்' என்று எழுதிய சாம்பிளில், சுழற்றிப் பார்க்கும்போது நாலைந்து விந்தணு தென்படுவது உண்டு. இக்சிக்கு ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்பதால், அந்த நாலைந்து பேருதவி. கத்தியே வைக்காமல் வேலை முடிந்துவிடலாம்.

விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள். பிறகு விந்தகத்தை ஒட்டிச் சுருண்டிருக்கும் குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் ஓரிரு வாரம். ஆக, இன்று கொடுக்கும் சாம்பிள் மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையைத்தான் காட்டுகிறது. இடையில் டெங்குவோ, வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால் மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பது நல்லது.

அடுத்து, அடைப்பா, உற்பத்தியே குறைவா என்று பிரிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விந்தின் அளவு, அதன் அமிலத்தன்மை, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறதா இல்லையா, ரத்தத்தில் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டீரான் ஆகிய ஹார்மோன்கள், அப்புறம் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. விந்தகம் நல்ல அளவில் இருந்து எஃப்.எஸ்.எச். சாதாரணமாக இருந்தால் அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விந்தகம் சிறுத்து, எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் உற்பத்தியில் குறை. சில கருத்தரிப்பு மையங்களில் ஆணைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) தேதி குறிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மனைவிக்கு ஊசி ஆரம்பிக்கும் முன் கணவரை ஒரு ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்கச் சிக்கல்களுக்கான) மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

அடைப்பு வகையில் முடிவெடுப்பது எளிது. விந்தணு உள்ளே உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஊசியால் உறிஞ்சினாலே பெரும்பாலும் வந்துவிடும். குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்கு மீண்டும் இணைக்கும் அறுவையும் ஒரு வழி. மனைவிக்கு வயது குறைவு, அறுவை செய்து அதிக வருஷம் ஆகவில்லை என்றால் இக்சியைவிட அதுவே மேல். ஆனால் பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்து நாளம் இல்லாதவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கடுமையான நுரையீரல், கணைய நோயைத் தருவதும் இதே மரபணுதான். விந்தணுவை எடுப்பதில் சிரமம் இல்லை. ஆனால் மனைவியும் அதே மரபணுவில் ஒரு கோளாறைச் சுமந்துகொண்டிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பாதிக்கப்பட நான்கில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்று வரை வாய்ப்பு. எனவே இக்சிக்கு முன் மனைவிக்கும் இந்தப் பரிசோதனை அவசியம். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு சில மாற்றங்களை மட்டும் தேடும் பரிசோதனை நம்மவர்களுக்குப் போதாது. மரபணு முழுவதையும் படிக்கும் பரிசோதனையாகக் கேளுங்கள்.

அந்த 74 நாளில் என்ன நடக்கிறது

உற்பத்திக் குறைதான் கடினமான பகுதி. அங்கே எந்த வழி நமக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டுமானால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனித உடலில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல் விந்தகத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் இயங்குகின்றன. அந்த உறுப்பில் மட்டும், அல்லது அங்கே மட்டும் அதிகமாக, இயங்கும் மரபணுக்களின் எண்ணிக்கையிலும் விந்தகமே முதலிடம். மூளைகூட அதற்குப் பின்னால்தான். இத்தனை மரபணுக்கள் வரிசையாக எழுந்து அடங்க வேண்டிய வேலையில், முக்கியமான ஒன்று பிசகினாலும் விந்தணு அங்கேயே நின்றுவிடலாம்.

தொடக்கத்தில் ஸ்டெம் செல்கள். அவற்றைச் சுற்றி நின்று ஊட்டி வளர்ப்பவை செர்டோலி செல்கள். அவை அனுப்பும் செய்தியைப் பொறுத்து ஸ்டெம் செல் பெருகும், அல்லது விந்தணுவாக மாறக் கிளம்பும். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் எஸ்.டி.ஆர்.ஏ.8 என்ற மரபணுவை எழுப்பியதும் செல் குன்றல் பகுப்புக்குள் நுழைகிறது. தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, வெட்டி ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கையில் பாதியாகும் கட்டம் இது. ஜோடி சரியாகச் சேராத செல்லை உடலே அழித்துவிடும். எக்ஸ், ஒய் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி என்பதால் இந்த நேரத்தில் அவை இரண்டும் மௌனமாக்கப்படுகின்றன. எக்ஸில் இருக்கும் சில அத்தியாவசிய மரபணுக்களுக்கு வேறு குரோமோசோம்களில் மாற்று நகல்கள் இருக்கின்றன. இந்த மௌன காலத்தில் அவைதான் வேலையைப் பார்க்கும்.

குன்றல் பகுப்பு முடிந்து உருண்டையாக இருக்கும் செல் வால் முளைத்து, தலை சுருங்கி விந்தணுவாக வேண்டும். தலைக்குள் டி.என்.ஏ.வைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன் புரதங்கள் வெளியேறி, புரோட்டமின்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. டி.என்.ஏ. அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டப்பட்ட பிறகு எந்த மரபணுவையும் படிக்க முடியாது. அதனால் கடைசி நாட்களுக்குத் தேவையான ஆர்.என்.ஏ. செய்திகளை, மழைக்காலத்துக்கு முன் விறகு சேர்ப்பதுபோல, செல் முன்பே எழுதிச் சேமித்து வைத்து, வேண்டிய நாளில் எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. இந்த நேரக் கணக்குத் தவறினால் விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தலையோ வாலோ சரியாக இல்லாமல் போகலாம்.

ஆக, நிற்கும் இடங்கள் மூன்று. ஸ்டெம் செல்லே இல்லாமல் செர்டோலி செல் மட்டும் இருப்பது. குன்றல் பகுப்பில் நிற்பது. கடைசி உருமாற்றத்தில் பிசகுவது. இந்த மூன்றுக்கும் முடிவுகள் வெவ்வேறு.

கத்திக்கு முன் இரண்டு பரிசோதனை

உற்பத்திக் குறை உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் கட்டாயம். ஒன்று கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. இன்னொன்று ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும்.

ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் விந்தணு உற்பத்திக்கான பகுதி இருக்க வேண்டும் என்று இத்தாலியின் தியேபோலோவும் ஜுஃப்பார்தியும் 1976-லேயே காட்டினார்கள். இன்று அந்தப் பகுதியை ஏ.இசட்.எஃப். என்ற பெயரில் ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம். ரிப்போர்ட்டில் எஸ்ஒய்84, எஸ்ஒய்86 என்ற குறியீடுகள் குறிப்பது ஏ பகுதி. எஸ்ஒய்127, எஸ்ஒய்134 பி பகுதி. எஸ்ஒய்254, எஸ்ஒய்255 சி பகுதி. ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜின் குழு விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 8.5 சதவீதம் பேருக்கு இந்த இழப்பு இருந்தது.

ஏ பகுதி முழுதாகப் போயிருந்தால் விந்தகத்தில் செர்டோலி செல் மட்டும்தான் இருக்கும். பி பகுதி முழுதாகப் போயிருந்தால் குன்றல் பகுப்போடு நின்றுவிடும். இந்த இரண்டிலும் அறுவையில் விந்தணு கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். சர்வதேச வழிகாட்டுதல்களும் அறுவை வேண்டாம் என்றே சொல்கின்றன. இப்படிப்பட்டவருக்கு 'ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், துணிந்து மறுத்துவிட்டு வாருங்கள். சி பகுதி மட்டும் போயிருந்தால் கதையே வேறு. டாஸ் என்ற மரபணுவின் நான்கு நகல்களும் இருப்பது அங்கேதான். அவை இல்லாமலும் பலருக்கு அங்கங்கே கொஞ்சம் உற்பத்தி நடக்கும். அறுவையில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ விந்தணு கிடைக்கிறது, சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் வரும். ஆனால் பிறக்கும் மகன் ஒவ்வொருவருக்கும் இதே இழப்பு போய்ச்சேரும். மகளுக்கு ஒய் கிடையாது, அவளுக்குப் பிரச்சினை இல்லை. இதற்காக இக்சியைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மகனுக்கு வரப்போவது குழந்தைப்பேற்றில் சிரமம். வேறு நோய் அல்ல. சி பகுதி இழந்தவர்களில் சிலருக்கு வயது ஏற ஏற எண்ணிக்கை இன்னும் குறைவதால், அவன் வளர்ந்ததும் பரிசோதித்து விந்தணுவை உறையவைத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பாவின் ரிப்போர்ட் அவன் கைக்குப் போக வேண்டும்.

கேரியோடைப்பில் அதிகம் வருவது க்ளைன்ஃபெல்டர், அதாவது ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பது. 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஹாரி க்ளைன்ஃபெல்டர் 1942-ல் விவரித்தபோதும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளும் இவர்களுக்குச் சொந்தக் குழந்தை கிடையாது என்றுதான் நம்பப்பட்டது. இன்று நுண்ணறுவையில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு விந்தணு கிடைக்கிறது, பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் சரியாகவே இருக்கிறது. இவர்கள் நாள் கடத்தக் கூடாது. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் டெஸ்டோஸ்டீரான், சர்க்கரை, எலும்பு அடர்த்தி மூன்றையும் வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மூன்றாவதாக எக்சோம் பரிசோதனை, அதாவது புரதம் செய்யும் மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிப்பது. இதற்குச் செலவு பல மடங்கு கூடும்; பெரும்பாலோருக்கு விடை கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிடைக்கும்போது அது முடிவையே மாற்றும். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் டெக்ஸ்11 மரபணுவில் கோளாறு இருந்தால் குன்றல் பகுப்பு பாதியில் நின்றுபோகிறது என்று 2015-ல் தெரியவந்தது. எஸ்.டி.ஏ.ஜி.3, எம்.இ.ஐ.ஓ.பி. போன்றவையும் குரோமோசோம் ஜோடி சேரும் வேலையைச் செய்பவை. இப்படிக் குன்றல் பகுப்பு முழுமையாக நின்றுபோகும் மாற்றம் உறுதியானவர்களிடம் அறுவையில் விந்தணு கிடைப்பது மிக மிக அரிது. பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், அண்ணன் தம்பிக்கும் இதே பிரச்சினை இருப்பவர்கள், ஒரு முறை அறுவை தோற்றவர்கள், இந்த மூன்று பேருக்கும் எக்சோம் பார்ப்பது செலவுக்கு ஏற்ற பலன் தரும் என்று நினைக்கிறேன். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று திருமணம் செய்யும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே கோளாறு வந்து சேரும் வாய்ப்பு நமக்குக் கூடுதல்.

ஊசி மருந்து யாருக்கு?

மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். போதுமான அளவு வராதவர்களுக்கு. பருவ வயதில் மீசை, குரல் மாற்றம் எல்லாம் தாமதமாகி, சிலருக்கு வாசனையும் தெரியாமல் இருந்தால் அது கால்மன் குறைபாடாக இருக்கலாம். இவர்களின் விந்தகத்தில் மரபணுக்கள் ஒழுங்காகவே இருக்கின்றன, அவற்றை எழுப்பும் சமிக்ஞைதான் வரவில்லை. எல்.எச். வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசியும் பிறகு எஃப்.எஸ்.எச். ஊசியும் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை போட்டால் பெரும்பாலோருக்கு விந்தணு வந்துவிடும், பலருக்கு ஐ.வி.எஃப். கூடத் தேவைப்படாது. உற்பத்திக் குறையில் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய வகை வேறு இல்லை. இவர்களை அறுவைக்கு அனுப்புவது பெரிய அநியாயம்.

எஃப்.எஸ்.எச். ஏற்கெனவே ஏறிக்கிடப்பவர்களுக்கு இந்த ஊசிகளால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. மாதக்கணக்கில் சத்து மாத்திரை, லேகியம் என்று போவதில் காசைவிட மனைவியின் வயதுதான் அதிகம் கரைகிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டீரான் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் டெஸ்டோஸ்டீரான் ஊசியே போட்டுவிடுவது குழந்தை வேண்டுபவருக்கு நேர்மாறான சிகிச்சை. வெளியிலிருந்து வந்தால் பிட்யூட்டரி தன் சமிக்ஞையை நிறுத்திவிடும், இருக்கும் கொஞ்ச உற்பத்தியும் நின்றுபோகும். ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்களுக்கு 'நில்' வருவது இதனால்தான். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல்.

அறுவை: எது, எப்போது?

மரபணுவில் தடை இல்லை, ஊசிக்கும் வேலை இல்லை என்றால் அடுத்தது அறுவை. இதில் ஊசியால் குத்தி உறிஞ்சும் டெசாவும், விந்தகத்தைத் திறந்து நுண்ணோக்கி வழியாகத் தேடும் மைக்ரோ டெசேயும் ஒன்றல்ல. உற்பத்தி குறைந்த விந்தகத்தில் வேலை நடக்கும் நுண்குழல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அவை கொஞ்சம் பருத்து, வெண்மையாகத் தெரியும். நியூயார்க்கில் பீட்டர் ஷ்லேகல் 1990-களின் இறுதியில் உருவாக்கிய முறை இந்தக் குழல்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறது. குருட்டாம்போக்கில் குத்தும் ஊசியால் இது முடியாது. எனவே உற்பத்திக் குறைக்கு டெசா மலிவு என்று முதலில் அதைச் செய்து பார்ப்பது சரியான சிக்கனம் இல்லை. அனுபவமுள்ள மருத்துவரிடம் நேரே மைக்ரோ டெசே செய்வதே மேல்.

அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கும். மையங்கள் விளம்பரத்தில் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் இதுதான். ஆனால் தம்பதிக்கு வேண்டியது விந்தணு எண்ணிக்கை அல்லவே, குழந்தை. பிரஸ்ஸல்ஸில் இக்சி பிறந்த மையத்திலிருந்தே 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. உற்பத்திக் குறை இருந்த 700-க்கும் மேற்பட்ட ஆண்கள், மரபணுத் தடை இல்லாதவர்கள், விந்தகத்திலிருந்து விந்தணு எடுக்க முயன்று, கிடைத்தவர்கள் இக்சியும் செய்துகொண்ட பிறகு, கடைசியில் சொந்தக் குழந்தையோடு வீடு திரும்பியவர்கள் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். அது பழைய முறையில் எடுத்தது, நுண்ணோக்கி முறையில் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் 50 சதவீதம் என்று கேட்டுவிட்டு நகையை அடகு வைப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அறுவையை முன்கூட்டியே செய்து, கிடைத்ததை உறையவைத்துவிட்டு, பிறகு மனைவிக்கு முட்டை எடுப்பதா? அல்லது இரண்டையும் ஒரே நாளில் செய்வதா? ஒரே நாளில் செய்தால் புது விந்தணு கிடைக்கும். உறையவைத்து உருக்கும்போது கொஞ்சம் அழியும் என்ற கவலை இல்லை. ஆனால் கணவரிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால், மனைவி பத்துப் பன்னிரண்டு நாள் போட்டுக்கொண்ட ஊசி, மயக்க மருந்து, செலவு எல்லாம் வீண். எடுத்த முட்டைகளை உறையவைக்கலாம், அவ்வளவுதான். முன்கூட்டிச் செய்தால் அந்த ஆபத்து மனைவிக்கு இல்லை. உறைந்த விந்தணுவிலும் கருத்தரிப்பு விகிதம் பெரும்பாலும் ஒத்தே இருக்கிறது. நான் முன்கூட்டிச் செய்வதன் பக்கம்தான். ஆணின் பிரச்சினைக்காக இக்சியின் உடல் பாரம் முழுவதையும் ஏற்கெனவே பெண்தான் சுமக்கிறாள்; விந்தணு கிடைக்குமா என்பதே தெரியாத நிலையில் அவளை ஊசிக்கு உட்படுத்துவது நியாயமாகப் படவில்லை. மையம் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உறையவைப்பதில் தேர்ந்ததாக இல்லை என்றாலோ, மனைவிக்கு நாற்பதை நெருங்குகிறது, எப்படியும் முட்டை சேமிக்க வேண்டும் என்றாலோ மட்டும் ஒரே நாள் முறையை யோசிக்கலாம்.

ஒரு கூடுதல் செய்தி. விந்துத் திரவத்திலிருக்கும் புரதங்களை வைத்தே உள்ளே எந்தக் கட்டம் வரை வேலை நடக்கிறது என்று அறியும் முயற்சி நடக்கிறது. டொரன்டோ குழுவொன்று 2013-ல் டெக்ஸ்101, இ.சி.எம்.1 என்ற இரண்டு புரதங்களைக் கொண்டு அடைப்பு வகையையும் உற்பத்திக் குறையையும் பிரித்துக் காட்டியது. மையங்களில் வழக்கமான பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை.

எண்ணிக்கை இருந்தும் உருவம் தவறினால்

கடைசிக் கட்டத்தில் பிசகுபவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இவர்களுக்கு ரிப்போர்ட்டில் விந்தணு இருக்கும், 'எல்லாம் வடிவக் கோளாறு' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அத்தனை விந்தணுவுக்கும் தலை உருண்டையாக, முட்டையைத் துளைக்கும் தொப்பி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் டி.பி.ஒய்.19எல்2 மரபணு இழப்பு. இக்சி செய்தாலும் முட்டை பெரும்பாலும் விழித்தெழாது, கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருள் கொண்டு முட்டையைத் தூண்டினால் வாய்ப்பு உண்டு. வால் குட்டையாக, சுருண்டு, அல்லது இல்லாமலே இருந்து, டி.என்.ஏ.எச்.1 மரபணுவில் கோளாறு என்றால் விந்தணுவால் நீந்த முடியாது, ஆனால் உள்ளிருக்கும் டி.என்.ஏ. நன்றாக இருக்கும், சாதாரண இக்சியே நல்ல பலன் தருகிறது. தலை மிகப் பெரியதாக, பல வால்களோடு இருந்து, ஆரோரா கைனேஸ் சி மரபணுவில் இரண்டு நகலும் கெட்டிருந்தால், குரோமோசோம்கள் பிரியவே இல்லை என்று அர்த்தம். அந்த விந்தணுவை வைத்து இக்சி செய்யக் கூடாது. இவருக்கு டோனரோ தத்தோதான். மூன்று பேரும் ஒரே மையத்தில் ஒரே பேக்கேஜில் சேர்ந்திருந்தால் ஒருவருக்குப் பலன், ஒருவருக்குப் பாதிப் பலன், ஒருவருக்கு வெறும் கடன்.

டோனர்

செலவு, காலம், உடல் பாரம் மூன்றிலும் டோனர் வழி எளியது. மனைவிக்குப் பிரச்சினை இல்லை என்றால் கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் ஐ.யு.ஐ. போதும், ஐ.வி.எஃப். கூட வேண்டாம். மனத்துக்குத்தான் கடினம். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் ஏ.ஆர்.டி. சட்டப்படி டோனர் 21 முதல் 55 வயதுக்குள், பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். ஒருவரின் விந்தணுவை ஒரே ஒரு தம்பதிக்கு மட்டுமே தரலாம். பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை. டோனருக்கு எந்த உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. 'நம்ம ரத்தம் போகாமல் இருக்கட்டும், தம்பியிடம் வாங்கிக்கொள்ளலாமா' என்று வீடுகளில் கேட்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. உறவுகளுக்குள் பின்னால் வரக்கூடிய சிக்கல்களை நினைத்தால் இது நல்லதென்றே படுகிறது. அதோடு, தம்பிக்கும் அதே மரபணுக் கோளாறு இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் டோனர் கலக்கப்படுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. இருவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பது சட்டம். படிவத்தைப் படித்துப் பார்த்து, நகல் வாங்கி வையுங்கள். குழந்தையிடம் சொல்வதா என்ற கேள்விக்கு என் பதில், சின்ன வயதிலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான். வீட்டிலிருந்தபடி எச்சில் அனுப்பி மரபணு உறவுகளைத் தெரிந்துகொள்ளும் காலம் இது. இருபத்தைந்து வயதில் வேறெங்கிருந்தோ தெரிந்துகொள்வதைவிட அப்பா அம்மா வாயிலிருந்து தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளைக்கு நல்லது.

தத்து

எல்லாம் தோற்ற பிறகு கடைசியாக யோசிப்பது என்று இதை ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்குவதால் வரும் நஷ்டம் வயதுக் கணக்கில் தெரியும். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் 2022 விதிகள்படி, இரண்டு வயதுக்குள்ளான குழந்தை வேண்டும் என்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக்கு 90. திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டுக் கைக்குழந்தைக்குக் காத்திருப்பது பல ஆண்டுகள் நீள்கிறது. நாற்பத்து நான்கும் நாற்பதுமாக இருக்கும் தம்பதி நாலைந்து சுழற்சி ஐ.வி.எஃப். முடித்துவிட்டு வரும்போது கைக்குழந்தைக்கான கதவு சாத்தியாகிவிட்டது என்று அறிவதைவிட, ஏ அல்லது பி பகுதி இழப்பு என்று ரிப்போர்ட் வந்த வாரமே இருவரும் உட்கார்ந்து தத்தையும் டோனரையும் சரிசமமாக வைத்துப் பேசுவது எவ்வளவோ மேல். மனைவிக்கு வயிற்றில் சுமக்கும் ஆசை இருந்தால் டோனர். இருவரில் ஒருவருக்காவது 'எனக்குப் பாதி, உனக்கு ஒன்றுமில்லை' என்ற எண்ணம் உறுத்தும் என்றால் தத்து. இதில் எந்த மருத்துவரும் முடிவு சொல்ல முடியாது.

மனைவியின் வயது 35-க்குள் இருந்தால் எக்சோம் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு அறுவைக்குப் போகலாம். 38-ஐத் தாண்டியிருந்தால் கேரியோடைப், ஒய் பரிசோதனை இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் மனைவியின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவையும் பார்த்துவிடுங்கள்; இந்தக் கட்டத்தில் விந்தணுவைவிட முட்டைக்கே காலம் குறைவு. அறுவை என்று முடிவானால், தேதி குறிக்கும் முன்பே மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மரபணு ரிப்போர்ட்டை வைத்து இவருக்கு விந்தணு கிடைக்கும் வாய்ப்பு என்ன, கிடைத்தால் அந்த மையத்தில் குழந்தை பிறக்கும் விகிதம் என்ன, கிடைக்காவிட்டால் எடுக்கும் திசுவை பயாப்ஸிக்கு அனுப்புவார்களா. கிடைக்காவிட்டால் டோனரா, நிறுத்திக்கொள்வதா என்பதை மயக்க ஊசிக்கு முந்தைய வாரமே இருவரும் பேசி முடித்து, சம்மதப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கணவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது, வெளியே தனியாக நிற்கும் மனைவியிடம் அந்தக் கேள்வியை யாரும் கொண்டுபோய்க் கேட்கும்படி விடக் கூடாது.